ரங்கூன் போய்ப் பார்த்த ஜெர்மனி

நான் ஜெர்மனிக்குப் போனதில்லை. ஆனாலும் தரங்கம்பாடியில் ஜெர்மனியைப் பற்றிப் பேச என்னைவிட உரிமையுள்ள ஆள் கிடையாது என்று துணிந்து சொல்வேன். நான் ரங்கூன் போய் வந்தவன். ஜெர்மனியின் சாப்பாடு, பண்டிகை, கல்யாணச் சடங்கு எல்லாம் அங்கே அலோன் என்கிற ஆற்றங்கரைப் பேட்டையில், ஒரு மரவீட்டு மாடியில் இருந்தன. தினமும் படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

விஷயம் இதுதான். அலோனில் ஒரு தமிழ் முதலாளி புதிதாக அரிசி மில் கட்டிக்கொண்டிருந்தார். இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தன. அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்டுவதற்குக் கெஸ்லர் என்ற துரையும் அவர் மனைவியும் கூடவே வந்திருந்தார்கள். பெரிய சண்டை முடிந்து, ஜெர்மானியர்களை மறுபடியும் உள்ளே விட ஆரம்பித்திருந்த சமயம் அது. துரைக்கு இங்கிலீஷ் அரைகுறை. அந்த அரைகுறையையும் பேச மாட்டேன் என்று பிடிவாதம். மில் ஆட்களுக்குத் தமிழும் தெலுங்கும் பர்மாப் பேச்சும்தான் தெரியும். ஆகையால் தரங்கம்பாடி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் பாதிரிமாரிடம் படித்து, அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகவும் இருந்த என்னைத் தேடிப் பிடித்துக் கப்பலேற்றிவிட்டார்கள்.

என் ஜெர்மன் முழுக்க வேதாகமத்திலும் ஞானப்பாட்டிலும் கற்றது. பாவம், மன்னிப்பு, நியாயத்தீர்ப்பு பற்றியெல்லாம் சரளமாகப் பேசுவேன். போல்ட்டு, நட்டு, பெல்ட்டு என்று வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு நட்டு காணாமல் போனால், அது மந்தையை விட்டு வழிதப்பிப் போயிற்று என்றுதான் எனக்குச் சொல்ல வரும். கெஸ்லர் துரை முதல் நாள் இதைக் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் மில்லில் எது காணாமல் போனாலும் என்னைக் கூப்பிட்டு, வழிதப்பினதைத் தேடும்படி சொல்வார்.

கப்பலில் என் வயிறு பட்ட பாட்டை எழுதினால் படிக்கிறவர்களுக்கும் வரும், விட்டுவிடுகிறேன். ரங்கூன் துறையில் இறங்கியதும் நாலாபக்கமும் தமிழில் வைதுகொண்டிருந்தார்கள். கப்பல் சுற்றிவிட்டு நாகப்பட்டினத்துக்கே வந்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் சந்தேகம். ரிக்‌ஷாக்காரனிடம், அலோனில் புகைபோக்கி உள்ள மில் என்று சொன்னேன். அலோனில் புகைபோக்கி இல்லாத இடம் எது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மில் வாசலிலும் நிறுத்தி, இதுவா இதுவா என்று கேட்டான். கடைசியில் என் மில் வந்தபோது அங்கே புகைபோக்கியே இன்னும் கட்டி முடியவில்லை.

மில்லில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த வைத்திலிங்கம் பிள்ளை வீட்டில் எனக்கு இடம் கொடுத்தார்கள். பிள்ளை நல்லவர், ஆனால் பயந்தவர். பயத்துக்குக் காரணம் அவருடைய ஒரே மகள் கமலம். அவளுக்கு முன்பே ஒரு சம்பந்தம் பேசி, நிச்சயம் செய்கிற நாளில் தேங்காய் உடைத்தபோது அது உள்ளே அழுகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலையைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து பிள்ளை கடைத்தெருவில் தேங்காய்க் குவியலைக் கண்டால் நின்று, ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகில் ஆட்டிப் பார்ப்பார், வாங்கவேண்டிய அவசியம் இல்லாவிட்டாலும்.

இப்போது இரண்டாவது சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை நடராஜன், சூலே பகோடாப் பக்கம் ஓர் ஆபீசில் குமாஸ்தா. அவன் தகப்பனார் சபாபதி பிள்ளைக்கு ஆற்றுக்கு அக்கரையில் கியாக்தானில் மளிகைக்கடை. சகுனம் பார்ப்பதில் மகா கெட்டி. ஒற்றைத் தும்மல் கேட்டால் படகைக் கரைக்கு இழுக்கச் சொல்கிறவர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, பல்லி சொன்ன திசை சரியில்லை என்று அரை மணி நேரம் தெருவில் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தாராம். தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. இதுவும் தட்டிப்போனால் இந்த ஊரில் கமலத்துக்கு வரன் கிடைக்காது என்று பிள்ளை என்னிடம் வாரம் ஒருமுறை சொல்வார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை துரை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஆறு மணிக்கு என்றார். நான் நம் வழக்கப்படி ஆறரைக்குப் போனேன். துரை படியின் மேலே கையில் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தார். கோபம் இல்லை, வருத்தம்தான். வழியில் எனக்கு ஏதோ ஆபத்து நேர்ந்துவிட்டது என்று நினைத்துத் துரைசாணி இரண்டு தடவை ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாளாம். ஜெர்மனியில் நேரத்துக்கு வராதவன் ஒன்று செத்தவன், இல்லையென்றால் மரியாதை தெரியாதவன்.

மேஜையைப் பார்த்தேன். கறுப்பு ரொட்டி, வெண்ணெய், வெட்டி அடுக்கிய மாமிசம், ஊறவைத்த மீன், எல்லாம் பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருந்தன. அடுப்பே மூட்டவில்லை. விருந்தாளியை அழைத்துவிட்டு அடுப்பு மூட்டாமல் இருப்பதை நம் பக்கம் செய்தால் அந்த உறவு அன்றோடு சரி. அவர்கள் ஊரில் இரவுச் சாப்பாடு என்றாலே அதுதானாம். ஆனால் தட்டுகள் அழகாக இருந்தன. வெள்ளைப் பீங்கான், ஓரத்தில் நீலப்பூ. வைக்கோல் சுற்றி, பெட்டியில் வைத்து, கப்பலில் தன் காலடியிலேயே வைத்துக் கொண்டுவந்ததாகத் துரைசாணி சொன்னாள். அவளுடைய தாயார் கொடுத்தவை. வேலைக்காரியைத் தொடவிடாமல் தானே கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அடுக்குவாள். தட்டு அவ்வளவு நன்றாக இருந்ததால் அதில் இருந்ததையும் சாப்பிட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் கோஸ் விவகாரம். துரைசாணி முட்டைக்கோசை மெல்லிசாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிசைந்து, ஒரு ஜாடியில் அமுக்கி, மேலே கல்லை வைத்து மாடிப்படியின் அடியில் விட்டுவிட்டாள். புளிக்கவேண்டுமாம். ரங்கூன் வெயிலில் அது புளித்த வேகம் ஜெர்மனியில் கண்டிராத வேகமாக இருந்திருக்கும். கீழ்வீட்டில் இருந்த டோ மியா, வீட்டுக்குச் சொந்தக்காரி, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு என்னைத் தேடி வந்து, மாடியில் யாராவது செத்துப்போனார்களா என்று பர்மாப் பேச்சில் விசாரித்தாள். கமலம் எனக்குத் தமிழில் சொன்னாள். அதே நாள் காலையில்தான் துரைசாணி என்னிடம், கீழ்வீட்டில் செத்த மீனை வைத்துக்கொண்டு ஏன் அடக்கம் செய்யாமல் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாள். அது டோ மியாவின் ஙாப்பி. மீனை உப்பில் அழுகவைத்து அரைத்த அந்த விழுது இல்லாமல் பர்மாக்காரர் யாரும் ஒரு வாய் சோறு தின்னமாட்டார்கள்.

சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று படித்தவன் நான். மேலே போய், உங்கள் கோஸின் மணத்தைக் கீழ்வீட்டு அம்மாள் ரொம்பப் புகழ்கிறாள் என்றேன். கீழே வந்து, உங்கள் ஙாப்பியின் மணத்தைத் துரைசாணி விசாரித்தாள் என்று கமலத்தை விட்டுச் சொல்லவைத்தேன். சாயங்காலம் மேலிருந்து ஒரு கிண்ணம் கோஸ் கீழே போயிற்று, கீழிருந்து ஒரு கிண்ணம் ஙாப்பி மேலே போயிற்று. துரை ஙாப்பியை ரொட்டியில் தடவி, கண்ணில் தண்ணீரோடு, மரியாதைக்காக முழுக்கத் தின்றார். டோ மியா கோஸை மென்று பார்த்துவிட்டு, இது எங்கள் கடுகுக்கீரை ஊறுகாய்தான், செய்யத் தெரியாமல் செய்திருக்கிறாள் என்று தீர்ப்புச் சொல்லி, மறுநாளே மாடிக்குப் போய்த் துரைசாணிக்குப் பக்குவம் சொல்லிக்கொடுத்தாள். கமலம்தான் இருவருக்கும் நடுவில் கையாலும் வாயாலும் பேசி முடித்தாள்.

கமலத்தைத் துரைசாணிக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. இரண்டு பேரும் தினம் காலையில் கடைத்தெருவுக்குச் சேர்ந்து போவார்கள். கமலத்துக்கு ஜெர்மனில் காய்கறிப் பெயர்கள் எல்லாம் வந்துவிட்டன, என் வேதாகம ஜெர்மனில் அவை கிடையாது. துரைசாணிக்குத் தமிழில் 'வேணாம்', 'குறைச்சுக் குடு' இரண்டும் வந்துவிட்டன. குழந்தை இல்லாதவள். கமலத்தின் கல்யாணப் பேச்சு வந்தாலே முகம் மலரும்.

டிசம்பர் ஆறாம் தேதி காலை, இந்தத் தம்பதியின் அன்பு எப்படிப்பட்டது என்று எனக்கு முதல் எச்சரிக்கை கிடைத்தது. ரங்கூனில் மாடிப்படியின் அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேலே போவோம். நானும் வைத்திலிங்கம் பிள்ளையும் அன்று துரை வீட்டுக்குச் சாவி கொடுக்கப் போயிருந்தோம். பிள்ளை திரும்பி வந்து செருப்பில் காலை வைத்தால், உள்ளே ஏதோ நொறுங்கியது. பிஸ்கோத்து. பக்கத்தில் என் செருப்பு, அதில் பாதாம்பருப்பும் சர்க்கரை உருண்டையும். டோ மியாவின் செருப்பிலும் அப்படியே. அன்றைக்கு ஒரு புனிதரின் திருநாளாம். அவர் முந்தின இரவு வந்து நல்லவர்களின் பாதரட்சையில் பலகாரம் வைத்துவிட்டுப் போவாராம். இது எனக்கு எந்தப் பாதிரியாரும் சொல்லித்தராத ஞானம். பிள்ளை செருப்பைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். அப்புறம் மெதுவாக, "வாத்தியாரே, செருப்பால அடிச்சிருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும்" என்றார். டோ மியா தன் செருப்பை எடுத்துப் போய்க் கழுவினாள்.

கிறிஸ்துமஸுக்கு ஊசியிலை மரம் வேண்டும் என்றார்கள். ரங்கூனில் எங்கே போக? ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் சவுக்குக் கன்று ஒன்று வெட்டி, துரையும் நானும் ஆளுக்கொரு நுனியாகப் பிடித்துக்கொண்டு டிராமில் ஏறினோம். கண்டக்டர் மரத்துக்கும் டிக்கெட் வாங்க வேண்டும் என்றான். துரை சட்டப்படி நடக்கிறவர், வாங்கிவிட்டார். டிக்கெட் வாங்கியதால் மரத்துக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று அடுத்தபடி கேட்க ஆரம்பித்தார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. சவுக்கு இலை பக்கத்தில் நின்றிருந்த ஒரு சீனக் கிழவரின் காதில் குத்திக்கொண்டே வந்தது. அவர் இறங்கும்வரைக்கும் நான் நியாயத்தீர்ப்பு நாளை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு மெழுகுவர்த்தி ஏற்றி, இருவரும் பாடினார்கள். எனக்குத் தெரிந்த ஞானப்பாட்டு, நானும் சேர்ந்துகொண்டேன். கமலம் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பாடி முடித்ததும் துரைசாணி அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "நாங்கள் கல்யாணம் செய்துகொண்டது சண்டை நடந்த வருஷத்தில். முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வாசலில் ஒரு சத்தமும் இல்லை. ஒரே அமைதி." சொல்லும்போது கண் கலங்கிற்று. அமைதி என்பது ஆண்டவர் தரும் வரம் என்று நான் ஆறுதல் சொன்னேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டுக் கேக் வெட்டப் போனாள்.

தை பிறந்தது. மில் ஓட ஆரம்பித்துவிட்டது, புகைபோக்கியும் புகைந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. அன்றைக்கு எத்தனை மணிக்கு எல்லோரும் வாசலில் கூடுவார்கள் என்று துரைசாணி கேட்டாள். ஏதோ பரிசு கொண்டுவரப்போகிறார்கள் என்று நினைத்து, ஆறு மணி என்றேன். எங்கள் ஆறு மணி அது. ஏழரைக்குத்தான் சடங்கெல்லாம் முடிந்து கூட்டம் பந்தியில் உட்காரும், அந்தச் சந்தடியில் இவர்கள் வந்தால் வசதியாக இருக்கும் என்பது என் கணக்கு. யாரிடம் பேசுகிறேன் என்பதை மறந்துபோனேன்.

ஆறு மணி. வாசலில் பந்தல், வாழைமரம், விளக்கு ஏற்றியாயிற்று. சபாபதி பிள்ளையும் ஆட்களும் கியாக்தானிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நாயனக்காரர் ஊதத் தொடங்கியிருந்தார். வைத்திலிங்கம் பிள்ளை மட்டும் கூடத்து மூலையில் கல்யாணத் தேங்காய்களைக் கடைசியாக ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது இரண்டு ரிக்‌ஷா வந்து நின்றன. ஒன்றில் துரை, கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும். இன்னொன்றில் துரைசாணி, மடியில் துணி மூடிய ஒரு கூடை. எல்லோரும் வழிவிட்டார்கள். இருவரும் நேரே வாசற்படிக்கு வந்தார்கள். துரை சிரித்த முகத்தோடு எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். கூடைக்குள் கைவிட்டு ஒரு தட்டை எடுத்தார். தலைக்கு மேலே தூக்கி, பலங்கொண்ட மட்டும் வாசற்கல்லில் அடித்தார்.

நாயனம் நின்றுபோயிற்று. துரைசாணி ஒரு கிண்ணத்தை எடுத்துப் போட்டு உடைத்தாள். பிறகு துரை இன்னொன்று. பிறகு அவள் இன்னொன்று. இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். மணப்பெண்ணின் வாசலில், விளக்கு வைத்த நேரத்தில், சுமங்கலிகள் கோலம் போட்ட இடத்தில் பீங்கான் சில்லு தெறித்துக்கொண்டிருந்தது. துரை என்னைப் பார்த்து, நீயும் போடு என்று ஒரு தட்டை என் கையில் திணித்தார். என் கையில் இருந்தது என்ன என்றுகூட நான் பார்க்கவில்லை. சபாபதி பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார். "கெளம்புங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் கையிலிருந்து அந்தத் தட்டு நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. துரைசாணி கைதட்டினாள்.

வைத்திலிங்கம் பிள்ளை கையில் தேங்காயோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. இந்தப் பாஷை பேசுகிறவன் நான்தான். வேதாகமத்தில் இதற்கு வார்த்தை இல்லை. துரையிடம் கெஞ்சிக் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. அவருக்கு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு மறைந்தது. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், பெண்மேல் பிரியம் உள்ளவர்கள் எல்லோரும் வாசலில் வந்து பீங்கானை உடைப்பார்கள், அந்தச் சத்தத்தில் கெட்டது எல்லாம் ஓடிப்போகும், இது எங்கள் ஊர் வழக்கம் என்றார். கண்ணாடியை மட்டும் உடைக்கக் கூடாதாம். அது ஆகாதாம். கிறிஸ்துமஸ் அன்று துரைசாணி எதை நினைத்துக் கண் கலங்கினாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சண்டைக் காலத்தில் உடைப்பதற்கு யாரிடமும் தட்டு இல்லை.

சபாபதி பிள்ளையின் பின்னாலேயே ஓடினேன். நல்ல காரியத்தில் நாமும் உடைக்கிறோம் இல்லையா என்று மறித்தேன். "தேங்கா சாமிக்கு" என்றார், நடந்துகொண்டே. "பூசணிக்கா?" என்றேன். "அது திருஷ்டிக்கு." இதுவும் திருஷ்டி கழிப்பதுதான், அவர்கள் ஊரில் பூசணிக்காய் விளையாது, அதனால் தட்டு என்றேன். அங்கே பூசணி விளையுமா விளையாதா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அவர் நின்றார். யோசித்தார். திருஷ்டி கழிப்பதென்றால் தெருமுனையில் கழிக்க வேண்டும், வாசற்படியிலா என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அந்தச் சமயம் பார்த்துத் துரைசாணி கூடையின் அடியிலிருந்து ஒரு விளக்குமாறை எடுத்தாள். அதில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து இந்தச் சில்லுகளைப் பெருக்க வேண்டும், அதுதான் சடங்கில் முக்கியம் என்றாள். விளக்கு வைத்த பிறகு வாசல் பெருக்கினால் லட்சுமி வெளியே போய்விடுவாள் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். மணப்பெண் விளக்குமாறைத் தொடுவதா? தாலி கட்டும் முன் இருவரும் ஒன்றாக நிற்பதா? நான் மொழிபெயர்க்காமல் வாயை மூடிக்கொண்டேன். சபாபதி பிள்ளை விளக்குமாறைக் கண்டதும் திரும்பவும் துண்டை உதறினார்.

உள்ளேயிருந்து கமலம் வந்தாள். துரைசாணி சொன்னது அவளுக்கு நேராகவே புரிந்திருந்தது. பட்டுப்புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, துரைசாணியின் கையிலிருந்து விளக்குமாறை வாங்கினாள். குரலை உயர்த்தவில்லை.

"மாமா, போன தடவ தேங்கா அழுகியிருந்துச்சுன்னு எந்திரிச்சுப் போனாங்க. அந்தத் தேங்காய நான் அழுகவைக்கல. இந்தத் தட்டையும் நான் ஒடைக்கல. ஒடைச்சவங்க என்மேல பிரியத்துல ஒடைச்சாங்க. எங்க வாசல், நான் கூட்டுறேன். நீங்க போறதுன்னா சில்லு குத்தாம போங்க."

சொல்லிவிட்டுக் குனிந்து பெருக்க ஆரம்பித்தாள். சில்லுகள் ஒன்றோடொன்று உரசின. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மாப்பிள்ளை நடராஜன் நாற்காலியிலிருந்து எழுந்தான். கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தான். சுவரோரம் கிடந்த முறத்தை எடுத்துவந்து அவள் எதிரில் குந்தினான்.

"நீ கூட்டு. நான் அள்ளுறேன்" என்றான். பிறகு தலையைத் திருப்பாமலே, "அப்பா, உக்காருங்க" என்றான்.

சபாபதி பிள்ளை நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அப்புறம் பெஞ்சியின் ஓரத்தில், எந்த நேரமும் எழுந்துவிடுகிறவர்போல உட்கார்ந்து, ஒரு சோடா வேண்டும் என்றார். அந்தச் சோடாவை நான் கொண்டுவந்த வேகத்தில் அலோனில் வேறு எவனும் ஓடியிருக்க மாட்டான். நாயனக்காரர் மறுபடியும் ஊதினார்.

மறுநாள் கல்யாணம். தேங்காய் உடைக்கிற நேரத்தில் வைத்திலிங்கம் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளை வெளேரென்று நல்ல காய். துரை மட்டும் அதைக் கண்டு, நாங்களும் உடைக்கிறோம், நீங்களும் உடைக்கிறீர்கள், எங்களைப் பார்த்து மட்டும் ஏன் பயந்தீர்கள் என்று என்னிடம் முணுமுணுத்தார். சாப்பாட்டில் அவருக்கு வியப்பு, விருந்தாளிக்கு எல்லாம் சுடச்சுட வருகிறதே என்பது. இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும், உப்பு எங்கே, மடிப்பது எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவருக்கு இயந்திரமும் இலையும் ஒன்றுதான், பூட்டுகிற வரிசை தெரிய வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துரை புதுத் தம்பதியை விருந்துக்கு அழைத்தார். கூடவே என்னையும், வைத்திலிங்கம் பிள்ளையையும், இன்னும் கியாக்தானுக்குத் திரும்பாமல் இருந்த சபாபதி பிள்ளையையும். அவர், வருவேன், ஆனால் துரை வீட்டில் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். சரியாக ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். துரை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எங்கள் எல்லோருக்கும் கைகுலுக்கினார்.

மேஜைமேல் வாழை இலை போட்டிருந்தது. நுனி இடது பக்கம், எல்லாம் ஒரே வரிசையில், நூல் பிடித்து வைத்ததுபோல. கமலம் பகலிலேயே வந்து அடுப்பு மூட்டி உருளைக்கிழங்கு வேகவைத்திருந்தாள். பக்கத்தில் டோ மியா திருத்திக்கொடுத்த பக்குவத்தில் கோஸ். எங்களுக்காக இப்படி மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, நீலப்பூத் தட்டு எங்கே, அதிலேயே போட்டிருக்கலாமே என்றேன், பெரிய மனுஷன்போல. துரைசாணி சிரித்தாள். அவர்கள் ஊரில் இந்தச் சடங்குக்குப் பழைய தட்டு, ஓட்டைத் தட்டுதான் கொண்டுபோவார்களாம். ரங்கூனுக்கு வந்து சில மாதமே ஆன அவளிடம் பழைய தட்டு ஏது? கமலத்துக்கு வெறும் கையோடு எப்படிப் போவது என்று, தாயார் கொடுத்ததையே கூடையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். வாசலில் என் கையிலிருந்து நழுவியதும் அதில் ஒன்று.

துரைசாணி என்ன சொன்னாள் என்று சபாபதி பிள்ளை என் தோளைத் தட்டிக் கேட்டார். சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் மொழிபெயர்ப்பில் அது ஒன்றுதான் சுத்தமானது.

அவர் அந்த இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, போடச் சொன்னார். உருளைக்கிழங்கு சாப்பிட்டார். கோஸைக் கொஞ்சம் வாயில் போட்டு, முகத்தை ஒரு மாதிரி சுளித்து, இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார். முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்தார். உறவு தொடரவேண்டும் என்றால் அப்படித்தான் மடிக்க வேண்டும், எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில்.

துரை அதைக் கவனித்துப் பார்த்துவிட்டு, தானும் தன் இலையை மடித்தார். எதிரே உட்கார்ந்து பார்த்ததால் திசை மாறி, வெளிப்பக்கமாக மடித்துவிட்டார். நான் பதறிப்போய் ஜெர்மனில் வார்த்தை தேடினேன். அதற்குள் சபாபதி பிள்ளை எழுந்தார். எச்சில் இலை என்று பார்க்காமல் மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி, துரையின் இலையைப் பிரித்து, துரையின் பக்கமாகத் திருப்பி மடித்து வைத்தார்.